சேந்தியம்மையார் கண்ட விளக்கின் ஆடல்

திருக்கடம்பேரி ஈசன் கோயிலில் விளக்குகளுக்கு எண்ணெய் வார்த்துத் திரியிடுவது சேந்தியம்மையாரின் தொண்டு. செக்காட்டும் குடியில் பிறந்தவர். இளமையிலேயே கணவரை இழந்தவர். பிசுக்கேறிய ஒரு சேலையும் நாவில் ஓயாத ஐந்தெழுத்துமே அவருடைய செல்வம்.

ஒருநாள் அவர் கை பட்டு, நாலு முழச் சங்கிலியில் தொங்கிய விளக்கு ஆடத் தொடங்கியது. முதலில் அகலமாக ஆடிற்று. போகப்போக அடங்கி விரற்கடை அளவே அசைந்தது. ஆயினும் ஒருமுறை போய்வர இரண்டு ‘நமசிவாய’ சொல்லும் நேரம்தான் ஆனது. அது மாறவேயில்லை. “பெரிய ஆட்டத்துக்கும் சின்ன ஆட்டத்துக்கும் ஒரே பொழுதா வைத்தாய், அப்பனே!” என்று விம்மினார்.

பிறகு எல்லா விளக்குகளையும் பார்த்தார். ஒரு முழச் சங்கிலிக்கு ஒரு திருநாமம், நாலு முழத்துக்கு இரண்டு, ஒன்பது முழத்துக்கு மூன்று. இன்று மாணவர்கள் ஒரு வரிச் சமன்பாடாக எழுதும் நியதி அது. எழுத்தறியாத அம்மையாருக்கோ அது தரிசனமாக இருந்தது.

கோயில் கண்காணியார் இதைக் கண்டு சினந்தார். “திருவிளக்கு உனக்கு ஊஞ்சலா? இனி வாசல் மிதிக்காதே!” ஊரார் ‘ஊசல் பைத்தியம்’ என்று சிரித்தனர். அம்மையார் கீழைக் கோபுரத்தின் எதிரே இருந்த தம் குடிசையில், நாலு முழக் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டி, அதையே நாள்தோறும் வழிபட்டார். கோயில் மணி ஒரு நாழிகைக்கு அடித்து, அடுத்த நாழிகைக்கு அடிப்பதற்குள் கல் ஐந்நூற்று முப்பது முறை ஆடும் என்பதையும் அறிந்தார்.

குடமுழுக்கு நாள் வந்தது. சரியாக உச்சிப்பொழுதில் கலசத்தில் நீர் விழ வேண்டும். தவறினால் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். வானமோ கருமேகம் மூடிக் கிடந்தது. பத்தாம் நாழிகை மணி அடித்த சற்று நேரத்தில், நாழிகை காட்டும் நீர்வட்டில் விரிசலிட்டு உடைந்தது. உச்சிக்கு இன்னும் ஐந்து நாழிகை. அதை அளப்பது எப்படி? கண்காணியார் மனம் கலங்கி, குடிசைக்கு ஓடினார்.

“அம்மா, என்னைப் பொறுத்தருள வேண்டும். பொழுது தெரியவில்லை.”

அம்மையாரின் கண் கல்லைவிட்டு நகரவில்லை. “பத்தாம் மணி கேட்டதுமே ஆட்டிவிட்டேன், ஐயா. வழிபாட்டு எண்ணிக்கை இது. இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு. போய்ச் சங்கூதுபவரை இந்தக் குடிசை வாசலில் நிறுத்துங்கள்.”

இரண்டாயிரத்து அறுநூற்றைம்பதாம் ஆட்டம் முடிந்தது. “இப்போது!” என்றார். சங்கு முழங்கியது, கலசத்தில் நீர் பொழிந்தது. அக்கணமே மேகம் விலகியது. கொடிமரத்தின் நிழல், கல்லில் கீறியிருந்த உச்சிக்கோட்டின்மேல் மயிரிழை பிசகாமல் படிந்து கிடந்தது.

அப்போது கருவறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “நம் ஆடலின் அளவை அறிந்தவள் வெளியே நிற்பதோ? அழைத்து வாருங்கள்.”

கண்காணியாரே கைகூப்பி முன்னே நடந்து அம்மையாரை அழைத்துச் சென்றார். அணுவும் அண்டமும் ஒரே விதிக்கு ஆடும் அழகை அன்பினாலேயே அறிந்த அம்மையாரின் அடிகள் நம் தலைமேல் இருக்கட்டும்.