அழிக்கக் கூடாத மடல்

தமிழ் எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் ஒன்றைச் சிலர் கூடிச் செய்துகொண்டிருந்தார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், காசு கிடையாது. பேசிக்கொள்ள ஒரு மடற்குழு. அதன் முகவரிக்கு எழுதினால் எல்லாருக்கும் போய்ச் சேரும்; இணையத்தில் எவரும் படிக்கும்படி தங்கியும்விடும். அதைக் கட்டி மேய்த்தவர் நாகர்கோவில் தேவசகாயம்.

முன்பிருந்த குழுவின் தலைவர், தன்னைக் குறைசொன்ன மடல்களைச் சத்தமில்லாமல் அழித்துவந்தார். அந்தக் கோபத்தில் பிரிந்தவர்கள்தான் தேவசகாயமும் இளையவன் சிவநேசனும். ஆகவே புதுக் குழுவின் முதல் விதியே, "குழுவுக்கு எழுதிய மடல் எதையும் அழிக்க மாட்டோம்" என்பது.

சேர்ந்தவர்களோ ஓயாமல் முறையிட்டார்கள். கேள்வி எல்லாருக்கும் வருகிறது, பதில் மட்டும் கேட்டவருக்கே போய்விடுகிறதாம். அலுத்துப்போன தேவசகாயம் அமைப்பை மாற்றினார். பதில் பொத்தானை அழுத்தினால் இனி குழுவுக்கே போகும். அதை அறிவிக்க மறந்தார்.

மறுநாள் சிவநேசன் குழுவில் எழுதினான்: "ரெஹானா எங்கே? திருத்த வேண்டியதெல்லாம் அப்படியே கிடக்கு. ஆளைக் காணோம்னு போலீசுல சொல்லணுமா?"

மென்பொருளில் பிழை திருத்திவந்த ரெஹானா வழக்கம்போல் பதில் பொத்தானை அழுத்தினாள். அவனுக்கு மட்டும் போகிறது என்று நம்பி, தனக்கு வலிப்பு வருவதை எழுதினாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." அது ஊருக்கே போயிற்று.

தேவசகாயத்துக்கு அவளிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, அடுத்த வாரம் இன்டர்வியூ. என் பேரைத் தேடினா அதுதான் முதல்ல வருது. எடுத்துடுங்கண்ணா."

தேவசகாயம் சிவநேசனிடம் கேட்டார். அவன் மசியவில்லை. "எனக்கும் பாவமாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா இன்னைக்கு இதை எடுப்பீங்க, நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான். பழைய தலைவரும் இப்படித்தான் ஆரம்பிச்சிருப்பாரு."

தேவசகாயம் மடலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எழுதினார்: "இங்கிருந்த மடலை நீக்கியது நான். அது இங்கே வந்தது என் பிழையால்."

"கொடுத்த வாக்கு போச்சு" என்று சிவநேசன் குழுவை விட்டே விலகினான்.

படித்தவர்களே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்: தேவசகாயம் வாக்குத் தவறினாரா?

விடை: தவறவில்லை. குழுவுக்கு 'வந்த' மடல் என்று விதி சொல்லவில்லை. 'எழுதிய' மடல் என்கிறது. ரெஹானா எழுதியது சிவநேசனுக்கு. குழுவில் கொண்டுபோய்ப் போட்டது தேவசகாயம் மாற்றிய அமைப்பு. நீக்கியதையும் அவர் மறைக்கவில்லை. இதையெல்லாம் சிவநேசனுக்கு விளக்கி எழுதினார். பதில் வரவில்லை. மென்பொருளில் அவன் பார்த்துவந்த வேலையும் இப்போது அவருடையதுதான்.