கூடைக்குள் ஒரு குளிர்காலக் குருவி

கோத்தகிரிக்கு மேலே ஒரு சிறிய மடம். அதன் தலைவி தவமணி அம்மையாருக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த நல்லபெருமாளுக்கோ அறுபத்தாறு. முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். மனைவி மறைந்த மாதமே வீட்டைப் பூட்டிவிட்டு மலையேறி வந்தவர்.

பறவைகளுக்குத் தினை வைத்த பிறகே அடுப்பு மூட்டுவது அந்த மடத்து வழக்கம். கொல்லைப்புறத்துப் பலகையில் தினை பரப்பும் வேலையை அம்மையார் நல்லபெருமாளிடம் விட்டிருந்தார். கார்த்திகைக் குளிரோடு வடக்கேயிருந்து மார்பு சிவந்த சிறு குருவிகள் வந்திறங்கும். பங்குனி வெயில் ஏறியதும் கிளம்பிவிடும்.

அந்தப் பங்குனியில் பலகைக்கு வரும் கூட்டம் நாளுக்கு நாள் குறைந்தது. ஒரு காலை, தின்று முடித்த குருவிகள் மரத்துக்குத் திரும்பாமல் வடக்குப் பார்த்து வேலிமேல் வரிசையாக உட்கார்ந்தன.

நல்லபெருமாளுக்குப் புரிந்தது. இன்று போய்விடும். இந்தக் குருவிச் சத்தமும் அடங்கினால், கார்த்திகையில் மலையேறி வந்தபோது கூடவே கொண்டுவந்த இருட்டு மறுபடியும் தன்மேல் கவிந்துவிடும் என்று அஞ்சினார்.

பலகையில் இன்னும் ஒன்று கொறித்துக்கொண்டிருந்தது. காய்கறிக் கூடையை அதன்மேல் கவிழ்த்துவிட்டார்.

கிணற்றடியிலிருந்து அம்மையார் வந்தார்.

“கூடைக்குள் என்ன, ஐயா?”

“காய்கறி, அம்மா.”

“எந்தக் காய் இப்படிச் சிறகடிக்கிறது? விதை இருந்தால் எனக்கும் கொடுங்கள்.”

நல்லபெருமாள் தலைகுனிந்தார். “ஒன்று இங்கே இருந்தால் மற்றவையும் தங்கிவிடும் என்று நினைத்தேன். நாலு மாதம் என் கைத் தினையைத் தின்றவை. ஒரு நன்றி வேண்டாமா, அம்மா?”

“வேண்டியதுதான்” என்ற அம்மையார் பலகையின் அருகே அமர்ந்தார். “நீங்கள் வந்த புதிதில் எத்தனை நாள் பட்டினி கிடந்தீர்கள்?”

“ஒன்பது நாள்.”

“நான் சாப்பிட அழைக்கவில்லையா?”

“வேளைக்கு வேளை அழைத்தீர்கள். எனக்குத்தான் எதுவும் இறங்கவில்லை.”

“பிறகு எது இறங்கியது?”

“பத்தாம் நாள் தினை வைக்கச் சொன்னீர்கள். மூட்டை பழசாக இருந்தது. குருவிகளுக்கு ஆகுமோ ஆகாதோ என்று ஒரு சிட்டிகை மென்று பார்த்தேன். கசக்கவில்லை. பிறகு… இன்னொரு பிடி அள்ளித் தின்றேன். அன்று மத்தியானம் பந்தியில் வந்து உட்கார்ந்தேன்.”

வேலிமேல் சிறகுகள் சடசடத்தன. கூட்டம் எழுந்து கொல்லையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. கூடைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது.

அம்மையார் கூடையைத் தொடவில்லை. நல்லபெருமாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லபெருமாள் இரு கைகளாலும் கூடையைத் தூக்கினார். குருவி ஒரு கணம் மலைத்து நின்றது; பிறகு விர்ரென்று எழுந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. மலைமுகட்டின்மேல் அவை புள்ளிகளாகி மறையும்வரை நல்லபெருமாள் கைகூப்பி நின்றார். கன்னம் நனைந்திருந்தது.

“திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அம்மா” என்றார், சிரித்துக்கொண்டே.

“உங்களுக்குத்தான் இப்போது பசிக்கிறதே, ஐயா. இனி குருவிக்கு இங்கே என்ன வேலை?”