தாமரைக்கு வைத்த சோறு

மனைவி இறந்த பிறகு மருதப்பர் வீட்டைப் பூட்டிவிட்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார். தோளில் ஒரு துணிப்பை. பின்னால், கயிற்றில், அவர் மனைவி வளர்த்த பசு.

"சேர வந்திருப்பது யார்? நீங்களா, பசுவா?" என்று கேட்டார் செங்கமலத்தாய். மடத்துக்குத் தலைவி அவர். மருதப்பரைவிட வயதில் இளையவர்.

"இரண்டு பேரும்தான் அம்மா. இவள் பெயர் தாமரை. கண்ணை மூடுகிற நேரத்தில் என் வீட்டுக்காரி இவளைத்தான் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்."

"பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் தாய்.

மடத்தில் ஏற்கெனவே ஒரு பசு இருந்தது. கொம்பு சரியாக வளராததால் அதைக் கட்டைக்கொம்பி என்றார்கள். காலையில் அவிழ்த்துவிட்டால் சரிவில் மேய்ந்துவிட்டு, வெயில் தாழத் தானே திரும்பிவரும்.

மருதப்பர் தாமரையை அவிழ்த்துவிடவில்லை. முள் குத்திவிடுமோ, வழி தவறிவிடுமோ என்று பயம். மடைப்பள்ளியில் மிஞ்சிய சோற்றில் வெல்லம் கரைத்துப் பிசைந்து உருண்டை உருண்டையாக ஊட்டினார். பக்தர்கள் கொண்டுவரும் வாழைப்பழத்தில் நல்லதாகப் பார்த்து அவளுக்கென்று ஒதுக்கினார். அவளும் ஆசையாகத் தின்றாள். உடம்பு பூசினாற்போல் ஆனது. வந்தவர்களெல்லாம் அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மருதப்பருக்கு மனம் நிறைந்துபோகும்.

மழைக்காலத்தில் அந்தப் பக்கத்து மாடுகளுக்கு அம்மை கண்டது. தோலெங்கும் கட்டி கட்டியாகக் கிளம்பும் நோய். மடத்துப் பசுக்கள் இரண்டுக்கும் ஒரே நாளில்தான் தடுப்பூசி போட்டிருந்தார்கள். இருந்தும் இரண்டுக்கும் வந்தது. கட்டைக்கொம்பிக்குக் கழுத்தில் சில கட்டிகள். கொஞ்சம் சோர்ந்து நின்றுவிட்டு மறுபடி மேயப் போய்விட்டது. தாமரை படுத்துவிட்டாள். கால்கள் வீங்கின. கட்டிகள் உடைந்து நீர் வடிந்தது. உருண்டையை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கால்நடை டாக்டர் நஸ்ரீன் வந்து பார்த்தார். அவளுக்கு என்ன தீவனம் என்று கேட்டார். மருதப்பர் சொன்னார்.

"ஐயா, ஊசி நோயை உடம்புக்கு அடையாளம் காட்டிவிடும். எதிர்த்து நிற்க வேண்டியது உடம்புதான். நிற்பதற்குச் சத்து வேண்டாமா? சோறும் வெல்லமும் சதை போட்டிருக்கிறது. பச்சை இல்லை, தாது உப்பு இல்லை. வயிறும் புளித்துக் கிடக்கிறது." மருந்தும், ஒரு பொட்டலம் தாது உப்பும் கொடுத்தார். "என்னால் ஆனது இவ்வளவு. மீதி அவள் கையில்."

மருதப்பர் நேராகத் தாயிடம் போனார்.

"அம்மா, ஒரு குறையும் வைக்கவில்லையே நான். தன்பாட்டில் மேய்ந்தது நிற்கிறது. ஊட்டி வளர்த்தவள் விழுந்து கிடக்கிறாள். ஏன் அம்மா?"

"நாளைக்குக் கட்டைக்கொம்பியின் பின்னால் போய்வாருங்கள். தாமரையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"போய் என்ன செய்வது?"

"அது சாப்பிடுவதைப் பாருங்கள்."

மறுநாள் மருதப்பர் போனார். கட்டைக்கொம்பி அருகம்புல்லைக் கொஞ்சம் கடித்தது. அங்கேயே நிற்காமல் வேலிப்பக்கம் போய்க் கிளுவைத் தழையை இழுத்தது. அகத்தி மரத்தடிக்குப் போய், தாழ்ந்திருந்த கொப்பை எட்டிப் பிடித்தது. ஒரு செடியை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டது. வேலங்காய்களைப் பொறுக்கியது. ஓடைக்கரையில் உவர் பூத்த மண்ணை வெகுநேரம் நக்கிக்கொண்டு நின்றது. மருதப்பரும் கூடவே நின்றார். அவசரப்படுத்தவில்லை.

பொழுது சாயும்போது தலையில் ஒரு சுமைத் தழையோடு திரும்பினார். தாய் தாமரையின் அருகில் உட்கார்ந்து புண்களில் மருந்து தடவிக்கொண்டிருந்தார்.

"பார்த்தீர்களா?"

"பார்த்தேன் அம்மா. எதிலும் வயிறு முட்டத் தின்னவில்லை. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம்." சுமையை இறக்கிவைத்தார். "எங்கள் ஊரில் இவளும் இப்படித்தான் மேய்ந்திருப்பாள். என் வீட்டுக்காரிதான் கூடப் போவாள். நான் ஒருநாளும் போனதில்லை."

"இங்கே ஊட்டும்போது யாரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? இவளையா, போய்விட்டவளையா?"

மருதப்பர் அகத்திக்கொப்பு ஒன்றை உருவி, தாமரையின் வாய்க்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அவள் முகர்ந்தாள். ஓர் இலையைக் கடித்தாள். நிறுத்திவிட்டாள். பிறகு இன்னொன்று.

அன்றிலிருந்து அவர் ஊட்டவில்லை. தழைகளைப் பக்கத்தில் பரப்பிவைத்து, எதை எடுக்கிறாள், எதை ஒதுக்குகிறாள் என்று பார்த்தார். தாது உப்பைத் தவிட்டில் கலந்து வைத்தார். டாக்டர் இடையில் வந்து பார்த்துவிட்டு, காய்ச்சல் விட்டது என்றார். வீக்கம் வடிந்தது. கட்டிகள் காய்ந்து உதிர ஆரம்பித்தன. ஒரு காலையில் மருதப்பர் தொழுவத்துக்குப் போனபோது தாமரை நின்றுகொண்டிருந்தாள். உடம்பு இளைத்து, தோலெல்லாம் தழும்பாக, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் முளைக்கயிற்றை அவிழ்த்தார். மெல்ல மெல்ல நடந்து கட்டைக்கொம்பியின் பின்னால் சரிவில் ஏறினாள்.

மருதப்பர் தாயின் முன்னால் வந்து தரையில் விழுந்து வணங்கினார். எழுந்தபோது கண்கள் நனைந்திருந்தன.

"அம்மா, நெஞ்சு கொள்ளவில்லை. யாருக்காவது நன்றி சொல்லியாக வேண்டும். உங்களிடம் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள். டாக்டரிடம் சொன்னேன். எல்லாம் அவள் உடம்புக்குள்ளே நடந்தது, நான் கூட நின்றேன், அவ்வளவுதான் என்கிறார். அந்த உடம்புக்குள்ளே இத்தனை நாள் நின்று போராடியது யார் அம்மா? யாரிடம் போய்ச் சொல்வேன்?"

தாய் சரிவில் ஏறிப்போகும் பசுவைப் பார்த்தபடி சொன்னார்.

"அவள் உடம்புக்குள்ளே நின்று போராடியவர்களின் முகம் எனக்கும் தெரியாது, மருதப்பரே. நன்றி சொன்னால் நின்று கேட்க அவர்களுக்கு நேரமும் இருக்காது. பொழுது விடிந்தால் அவர்களுக்குப் பசிக்கும், அதுமட்டும் தெரியும். அந்தப் பசிக்கு வையுங்கள்."