சல்லடைக்கொடியும் வௌவால் புருஷனும்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னே, ஒரு மிருகம் பேசினால் "என்ன சொன்னே?" என்று திருப்பிக் கேட்பார்களே தவிர யாரும் மிரளாத காலத்தில், செங்கமலபுரி என்று ஒரு ராஜ்ஜியம். அதில் மூட்டப்பாளையம் என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு ஒரே தொழில்தான். வாழைத்தாரைப் பச்சையாக வெட்டுவது, குழியில் அடுக்குவது, வைக்கோல் போட்டு மண்ணால் மூடிப் புகை ஊதுவது. மூடியதைப் பிரித்தால் பழம். அதற்குப் பேர் மூட்டம்.

வாழை என்று இல்லை. மாங்காயா, மூட்டம். பலாக்காயா, மூட்டம். காம்பிலேயே பழுத்த பழத்தை அந்த ஊரில் கிளியும் அணிலும்தான் பார்த்திருக்கும்.

அந்த ஊரில் பவளாயி என்று ஒருத்தி. அவள் புருஷன் வீரணன். நல்லவன்தான், ஆனால் அவசரக் குடுக்கை. அடுப்பில் கொதிக்கிற சோற்றை அரைவேக்காட்டில் வழித்துத் தின்பான், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பான். இருந்தாலும் பவளாயிக்கு அவன் என்றால் உயிர். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஒருநாள் விறகுக்கு மலைப்பக்கம் போன வீரணன் சாயங்காலம் ஒரு தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டான். அது கடுக்கன் மாயாவியின் தோட்டம். காதில் தேங்காய் மூடி அளவுக்குக் கடுக்கன் போட்ட மந்திரவாதி அவன். உள்ளே ஒரு கொடி மரத்தைப் பிடித்து ஏறியிருந்தது. அதில் சோளக்கதிர் மாதிரி நீளமாக, பச்சையாக ஒரு காய். மேலெல்லாம் ஆமை ஓடு மாதிரிக் கட்டம் கட்டமாகத் தோல். வீரணன் சும்மா இருப்பானா? மரத்தில் ஏறித் திருகினான். காய் கையோடு வந்தது.

"பச்சைக்காயை எதுக்குடா பறிச்சே?" என்று கீழிருந்து ஒரு குரல்.

"மூட்டம் போடத்தான்" என்றான் வீரணன்.

"இதையுமா?"

"எதையும் போடலாமுங்க."

மாயாவிக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, கடுக்கனை ஒரு திருகு திருகினான். மரத்தில் வீரணன் இல்லை. தலைகீழாக ஒரு பழந்தின்னி வௌவால் தொங்கியது.

வௌவால் வீட்டுக்குப் பறந்து வந்து உத்தரத்தில் தொங்கி, "பவளம், கத்தாதே, நான்தான்" என்றது. நடந்ததையெல்லாம் சொன்னது. பவளாயி கத்தவில்லை. முதலில் அழுதாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் வௌவாலைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தாள்.

மாயாவி வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். "திருகின திருகை நானே நினைச்சாலும் திருப்ப முடியாது. அதே பழத்தைப் பழமாகத் தின்னா அவன் மனுஷன். காயாகத் தின்னா, இருக்கிறதும் ஒண்ணொண்ணாப் போகும். முதல்ல பேச்சு போகும். அடுத்தது நினைவு போகும். மூணாவது தடவை ஆளே போயிடுவான், வெறும் வௌவால்தான் மிஞ்சும்" என்றான். "தோட்டத்தில் மூணு கொடி இருக்கு. ஒரே ஒரு கிளை வெட்டிக்கோ. எதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

மூன்றும் பெரிய இலை, மூன்றும் மரமேறும் கொடி, மூன்றிலும் அப்போது காய் இல்லை. ஒன்றில் இலை முழுசாக இருந்தது. ஒன்றில் இலை ஓரம் கிழிந்து சீப்பு மாதிரி இருந்தது. ஒன்றில் கிழிசலும் இருந்தது, நடுவில் ஓட்டை ஓட்டையாகவும் இருந்தது. பவளாயி தோளில் தொங்கிய வௌவாலைக் கேட்டாள்.

"மாமா, மரத்து மேல ஏறினப்ப என்ன பாத்தீங்க?"

"காயைப் பாத்தேன்."

"அது தெரியும். வேற?"

வௌவால் யோசித்தது. யோசித்துப் பழக்கமில்லாததால் கொஞ்ச நேரம் ஆனது. "முகத்துக்கு நேரா ஒரு இலை மறைச்சுது. மறைச்சாலும் இலைக்குள்ளே பொட்டுப் பொட்டா ஆகாசம் தெரிஞ்சுது."

பவளாயி ஓட்டை இலைக் கொடியில், கணுவும் விழுதும் சேர்ந்த மாதிரி ஒரு துண்டு வெட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அதற்குச் சல்லடைக்கொடி என்று பேர் வைத்தாள்.

முதலில் வாசலில் நல்ல வெயிலில் நட்டாள். இலை கருகிப்போனது. தோண்டி எடுத்துத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுபோனாள். அங்கே வெளிச்சம் பத்தாமல் சோணங்கியாகிவிட்டது. மூன்றாவதாகக் கொல்லையில் பலாமரத்து நிழலில், மட்கின சருகு போட்டு நட்டு, மண் காய விடாமல் தண்ணீர் விட்டாள். கொடி பலாமரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறியது. புது இலை முழுசாகத்தான் வந்தது. தப்பான கொடியோ என்று பவளாயி தினமும் இலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அடுத்தடுத்த இலை வரவரத்தான் ஓட்டை விழுந்தது. அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

வருஷங்கள் ஓடின. கொடி பூத்து, மூன்று காய் விட்டது. முதல் காய் நீண்டு பருத்தது, ஆனால் பச்சை மாறவே இல்லை. ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. ஊர் மூட்டக்காரர் குப்பண்ணன் வேலியோரம் வந்து நின்றார்.

"ஏன் அம்மணி, இன்னுமா வேடிக்கை பாத்துட்டிருக்கே? மூட்டம் போடு, மறுநாள் பழம்."

அந்த ஊரில் பிறந்தவளுக்கு வேறென்ன தெரியும்? அறுத்துக் கொடுத்தாள். குழியில் போட்டுப் புகை ஊதி எடுத்தார்கள். காய் கொஞ்சம் மஞ்சளித்திருந்தது. வௌவால் ஆசை ஆசையாக ஒரு கடி கடித்தது. பச்சைக் கருணைக்கிழங்கைத் தின்ற மாதிரி நாக்கிலும் தொண்டையிலும் ஊசி குத்தியது. "பவ..." என்றது. அதற்கு மேல் கீச்சுக்குரல்தான் வந்தது. பேச்சு போய்விட்டது.

"புகை பத்தலையோ என்னவோ" என்று சொல்லிவிட்டுக் குப்பண்ணன் நைசாக நழுவிவிட்டார்.

இரண்டாவது காயை அவள் கொடியிலேயே விட்டாள். ஒருநாள் காலையில் பார்த்தால், காயின் அடியில் கட்டம் கட்டமான தோல் தானாகவே உதிர்ந்து கிடந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று சுளை. கொல்லையெல்லாம் அன்னாசியும் வாழையும் சேர்ந்த வாசம். பழுத்துவிட்டது என்று பவளாயி துள்ளிக் குதித்தாள். கத்தியை எடுத்தாள், மீதித் தோலையும் சீவினாள், கீழே சிந்தியது போக மொத்தத்தையும் ஊட்டினாள்.

வௌவால் தின்றது. தின்றுவிட்டு அவளை அண்ணாந்து பார்த்தது. யாரோ ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. பயந்து கூரை இடுக்கு வழியே பறந்து போய்விட்டது.

பவளாயி கொல்லையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தன் கையாலேயே கெடுத்தோமே என்று நெஞ்சு எரிந்தது. அழுதபடியே, சிந்திக் கிடந்த சுளைகளில் ஒன்றை வாயில் போட்டாள். அடியில் தானாகத் தோல் விட்ட சுளை அது, தேனாக இனித்தது. இன்னொன்றைப் போட்டாள். அது அவள் கத்தியால் சீவிய பக்கத்துச் சுளை, நாக்கைக் குத்தியது. அழுகை நின்றது. ஒரே பழத்தில் பாதி பழம், பாதி காய். எது பழம் என்று அதுவேதான் சொல்லும் போலிருக்கிறது.

மூன்றாவது காய்க்கு அவள் கத்தியைப் பரணில் போட்டுவிட்டாள். குப்பண்ணன் வந்தார். "மூட்டம் போடு, மறுநாள் பழம்" என்றார். "உங்க வேலையைப் பாத்துட்டுப் போங்கண்ணா" என்றாள்.

காயின் அடியில் தோல் உதிரத் தொடங்கியது. தினமும் காலையில் எவ்வளவு உதிர்ந்ததோ அவ்வளவு சுளையை மட்டும் விரலால் கிள்ளி எடுத்துப் பலாமரத்தடியில் இலையில் வைப்பாள். வாசத்துக்கு எந்த வௌவால்தான் வராது? வந்து தின்றது. முதல் நாள் பறந்து போய்விட்டது. அடுத்த நாள் கொஞ்சம் தயங்கியது. அதற்கடுத்த நாள் தின்றுவிட்டுப் போகாமல் அவளையே பார்த்தது, பிறகு வந்து தோளில் தொங்கிக்கொண்டது. நினைவு வந்துவிட்டது.

அப்புறம் பேச்சு வந்தது. "பசிக்குது" என்பதுதான் அவன் பேசின முதல் வார்த்தை. பவளாயி அதற்கும் அழுதாள்.

பிறகு கால் வந்தது, உடம்பு வந்தது, மீசையோடு முகமும் வந்தது. கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து இரண்டு பக்கமும் கறுப்புச் சிறகு. வேட்டியைக்கூட அவள்தான் கட்டிவிட வேண்டும். ஊரே திரண்டு வந்து வேலிக்கு வெளியே நின்று சிரித்தது.

அந்த நேரம் பார்த்து அடைமழை பிடித்துக்கொண்டது. குளிரில் பழம் அப்படியே நின்றுவிட்டது. நுனியில் ஒரு பிடி தோல், இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உதிரவே மாட்டேன் என்றது. இன்றைக்கு இல்லை. நாளைக்கும் இல்லை. மழை விட்டபாடும் இல்லை. குப்பண்ணன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, "இன்னும் ஒரு பிடிதானே அம்மணி? மூட்டம் போடு, மறுநாள் பழம்" என்றார்.

பவளாயிக்கு அலுத்துப்போய்விட்டது. எத்தனை வருஷம் பொறுப்பாள் ஒருத்தி? பரணில் ஏறிக் கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். வீரணன் சிறகை விரித்துக்கொண்டு கொடிக்கு முன்னால் நின்றான்.

"நகருங்க மாமா."

"வேண்டாம் பவளம். தப்பினா நானே இருக்க மாட்டேன்."

"ஒரு பிடி தோல். உள்ளே பழுத்துத்தான் இருக்கும். என்னால முடியல மாமா. ஊரு சிரிக்குது."

"சிரிச்சுட்டுப் போகட்டும். கை இல்லாட்டியும் நீ இருக்கே, நான் இருக்கேன். அது பாட்டுக்கு வரட்டும். நான் இருக்கேன், இரு."

பவளாயி அவன் முகத்தையே பார்த்தாள். அரைவேக்காட்டுச் சோறு தின்றவன் வாயிலிருந்தா "இரு" என்று வருகிறது? கத்தி கையை விட்டு நழுவியது. சிறகால் அவளை மழையிலிருந்து மறைத்து உள்ளே கூட்டிப்போனான்.

மாயாவியின் கட்டு அந்த இடத்தில்தான் அவிழ்ந்தது என்று நான் சொல்வேன். ஆனால் பழத்துக்கு அதெல்லாம் தெரியாது. அது மழை விட்டு, வெயில் வந்து, மண் சூடான பிறகுதான் அசைந்தது. ஒரு காலை ஒரு கட்டம் விழுந்தது. மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் இரண்டு. அவன் கேட்கவும் இல்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை.

கடைசிக் கட்டம் விழுந்த அன்று, கடைசிச் சுளையைப் பவளாயி அவன் வாயில் வைத்தாள். வீரணன் மென்றான், அவசரமில்லாமல் மென்றான், விழுங்கினான். சிறகு சுருங்கியது. கை வந்தது. வந்த கையை அவன் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, நேரே கொண்டுபோய் அவள் கண்ணைத் துடைத்தான்.

கதை பழுத்தது, காம்பு விட்டது. கேட்டவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய், வெந்த சோறாகப் பார்த்துச் சாப்பிடுங்கள்.