பிளாஸ்திரி ஒட்டிய துணுக்கு

ஒரு காலத்தில், ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், நர்ஸ்கள் சற்று உட்கார்ந்து மூச்சுவிட ஓர் அறை இருந்தது. அதன் கதவில் ‘நர்ஸஸ் ரூம்’ என்று இங்கிலீஷில் பித்தளை நிற எழுத்துகள் பத்து ஒட்டியிருந்தன. முதல் ஆறுக்கும் பின் நான்குக்கும் நடுவில், தலைமாட்டில், நகம் வெட்டிப் போட்டதுபோல ஒரு துணுக்கும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அதற்கு அபாஸ்ட்ரபி என்று பெரிய பெயர். கதவில் அதற்குப் பெயரே கிடையாது.

“நீ என்னடா சத்தம் போடுவ?” என்று கடைசி எழுத்தான எம் கேட்கும். எம்முக்கு உடம்பு பெரிசு, வாய் அதைவிடப் பெரிசு.

“எனக்குச் சத்தம் கிடையாது. இந்த ரூம் அவங்க எல்லாருடையதும்னு சொல்றதுதான் என் வேலை” என்று துணுக்கு சொல்லும்.

“வாய் இல்லாதவன் சொல்ற வேலைக்கு வந்திருக்கான், பாரு!” என்று எம் சிரிக்கும். பக்கத்திலேயே இருந்த எஸ் மட்டும் சிரிக்காது. ஆனால் பேசவும் செய்யாது. சிரிக்கிறவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பக்கத்தில் இருந்துகொண்டு பேசாதவர்களை என்ன செய்வது? துணுக்குக்கு அந்தக் கதவில் தனிமை பிடுங்கித் தின்றது.

அதே அறையில் இன்னொருத்தியும் அப்படித்தான் இருந்தாள். அங்கயற்கண்ணி, பரமக்குடிப் பெண், வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மற்றவர்கள் மேசையைச் சுற்றிக் கூடிச் சாப்பிட, அவள் கதவோரம் ஸ்டூலில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொள்வாள். யாரும் அவளை விரட்டவில்லை. வா என்று கூப்பிடவும் இல்லை. அம்மாவிடம் போனில் பேசும்போது மட்டும் மனசுவிட்டுச் சொல்வாள். “சாப்பிட்டேன்மா. தனியாத்தான். இங்க எனக்குன்னு யாரு இருக்கா?”

கதவுக்கு வெளிப்பக்கம் இருந்த துணுக்கு அதைத் தினமும் கேட்டது. ‘நான் இருக்கேன்’ என்று சொல்லத் துடித்தது. எதால் சொல்வது?

ஒருநாள் யாரோ கதவை அறைந்து சாத்த, பசை விட்டுத் துணுக்கு கீழே விழுந்தது. எழுத்துகள் எட்டிப் பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டுக்கு நின்றன. அங்கயற்கண்ணிதான் குனிந்து எடுத்தாள். பையில் இருந்த பிளாஸ்திரியைக் கிழித்து, பழைய இடத்திலேயே வைத்து ஒட்டினாள். ஒட்டியவள் பேனாவை எடுத்து, பிளாஸ்திரிமேல் தேதியும் நேரமும் எழுதி, கையெழுத்தும் போட்டாள். நோயாளி கையில் ட்ரிப்ஸ் ஊசியை ஒட்டியவுடன் எழுதுகிற பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது.

சீனியர் பிரிசில்லா அதைப் பார்த்துவிட்டாள். “அடியே, கதவுக்கு ட்ரிப்ஸ் ஏத்திட்டியா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மூணு நாள்ல மாத்தணும், தெரியும்ல?”

“தெரியாம செஞ்சிட்டேன்க்கா” என்று அங்கயற்கண்ணி நெளிந்தாள்.

மூன்றாம் நாள் அவளுக்கு வார லீவு. அன்று பிரிசில்லாவே வந்து பழசை உரித்துப் புதுசு ஒட்டி, தேதி எழுதினாள். விளையாட்டுக்குத்தான். அடுத்த தடவை வேறொருத்தி. மூன்று நாளைக்கு ஒருமுறை யாரோ ஒருத்தியின் கை தன்னைத் தொடுகிறது என்பதே துணுக்குக்குப் பெரிய காரியமாக இருந்தது.

“பேஷன்ட் எப்படி இருக்காரு?” என்று எம் கேலி செய்தது. செய்துவிட்டுப் போகட்டும் என்று துணுக்கு விட்டுவிட்டது.

பிறகு மேனேஜர் வந்தார். “ஸ்கேனுக்கு வர்றவங்க உக்கார ரூம் வேணும். நீங்க எங்கயாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க, சிஸ்டர்.”

“எங்கயாவதுன்னா எங்க, சார்?” என்று பிரிசில்லா கேட்டாள். அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

மறுநாள் ஓர் ஆசாரி ஸ்க்ரூ டிரைவரால் எழுத்துகளை ஒவ்வொன்றாக நெம்பி அட்டைப்பெட்டிக்குள் போட்டார். எம் அலறியது. எஸ் அப்போதும் பேசவில்லை. துணுக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று. துணுக்கை மட்டும் ஆசாரி பிளாஸ்திரியோடு பிய்த்துத் தரையில் எறிந்தார். பெட்டி லிஃப்டில் ஏறிப் போனது. கேலி செய்தாலும் கூட இருந்தவர்கள் அல்லவா? தரையில் கிடந்த துணுக்குக்கு அழுகை வந்தது. இது அவர்களுடையது என்று இனி எதைச் சொல்வது? முன்னால் எழுத்தும் இல்லை, பின்னால் அறையும் இல்லை.

டிபன் பாக்ஸை எடுத்துப்போக வந்த அங்கயற்கண்ணி, பிளாஸ்திரியைக் கையில் எடுத்து முதலில் தேதியைப் பார்த்தாள். “இன்னிக்கு மாத்தணுமே” என்று முணுமுணுத்தாள். அவ்வளவுதான், பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து நர்ஸ்களுக்குப் பின்பக்க மாடிப்படிதான். காலி ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் நிற்கும் திருப்பத்தில், படிக்கு ஒருத்தியாகச் சாப்பிட்டார்கள். சிலர் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். முன்பு மேசையைச் சுற்றி இருந்த சிரிப்பு படிக்கட்டுக்கு வரவில்லை. அங்கயற்கண்ணி துணுக்கைச் சுவரில் ஒட்டி, தேதி போட்டாள். சில்லென்ற சுவர். கதவுக்காவது யாராவது வருவார்கள். இங்கே பல நேரம் சிலிண்டர்களும் துணுக்கும்தான்.

ஆனால் மூன்றாம் நாள் பிரிசில்லா கேன்டீனிலிருந்து எழுந்து வந்தாள். “யாரு மாத்துறது இன்னிக்கு?” என்று கேட்டபடி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கயற்கண்ணியின் படியிலேயே உட்கார்ந்தாள். “தள்ளி உக்காருடி. என்ன கொழம்பு?”

“கருவாடுக்கா.”

“இத்தனை நாள் தனியா வச்சுத் தின்னியா, பாவி?”

அடுத்த மூன்றாம் நாள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். படியில் இடம் போதவில்லை. முதுகு சுவரில் உரசும்போதெல்லாம் துணுக்கு விழாமல் ஒட்டிக்கொண்டது. தான் எதைச் சொல்ல இங்கே இருக்கிறோம் என்பது மட்டும் அதற்கு இன்னும் விளங்கவில்லை.

சில வாரம் கழித்துச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். இரும்புத் தகட்டைப் பிளாஸ்திரி ஓரத்தில் கொடுத்துச் சுரண்டப் போனார். துணுக்கு கண்ணை மூடிக்கொண்டது.

“அண்ணே, அதை எடுக்காதீங்க!”

அங்கயற்கண்ணி படியிறங்கி ஓடி வந்தாள். அன்று அவள் தனியாகத்தான் இருந்தாள். மற்றவர்கள் வார்டில் இருந்தார்கள்.

“குப்பை மாதிரி ஒட்டிக்கிட்டு கிடக்கு. யாருதும்மா இது?”

அவள் கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

“எங்களோடது” என்றாள்.

வாய் இல்லாத துணுக்கு வருஷக்கணக்காக யாருக்காகவோ சொல்ல நினைத்த சொல் அது. அதைப் பார்த்து ஒருத்தி சொன்னது அன்றுதான்.