ஏரியைக் காயப்போட்டுப் பார்த்த கதை

தூத்துக்குடிப் பக்கம் ஒரு உப்பளத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். கங்காணி பேச்சிமுத்து, அவருக்குக் கீழே மாசானம், தவசி. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளைதான். அது அன்றன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஆனால் உப்பு விஷயத்தில் கெட்டிக்காரர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் கங்காணியின் மனைவி சண்முகக்கனி சோற்றுத் தட்டை டொம்மென்று வைத்தாள்.

"கல்யாணம் ஆகி இருபது வருசம் ஆச்சு. உப்பையும் வெயிலையும் தவிர என்னத்தக் காட்டுனீய? மழைக்கு வேலை நிக்கும்லா, ஊட்டியோ கொடைக்கானலோ, எந்த ஏரி நல்லாருக்கோ அங்க கூட்டிட்டுப் போங்க. ஒரே ஒரு தடவை நான் படகுல போவணும். இல்லன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பொறவு நீங்களே பொங்கித் தின்னுங்க."

பேச்சிமுத்து சோற்றை அப்படியே விட்டு எழுந்தார். வெந்நீர் வைக்கப் போய் அதையே தீயவிட்ட மனுஷன் அவர். உடனே மாசானத்தையும் தவசியையும் கூப்பிட்டார்.

"எலேய், ஊட்டி, கொடைக்கானல் ரெண்டுல எந்த ஏரி நல்ல ஏரி?"

மாசானம் ரொம்ப நேரம் யோசித்தான். "அண்ணாச்சி, ஒரு தண்ணி நல்லதா கெட்டதான்னு நாம எப்படிப் பாப்போம்?"

"உப்புப் பாத்தியில விட்டுக் காயப்போட்டுப் பாப்போம்."

"அதேதான் அண்ணாச்சி!"

அடடா, என்ன அறிவு! அந்த வாரம் உப்பு லோடு ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போன டிரைவர் ஜெபராஜிடம் ஆளாளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவரும் ரெண்டு ஏரியிலிருந்தும் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. இவர்களைப் பற்றி அவருக்குத் தெரியும்.

மொட்டை மாடியில் ரெண்டு தாம்பாளம் வைத்தார்கள். ஒன்றில் ஊட்டி, ஒன்றில் கொடைக்கானல். மூன்று பகல் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தார்கள். மத்தியானம் சாப்பிட மட்டும் கீழே இறங்கினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் ரெண்டு தாம்பாளமும் காய்ந்துவிட்டன.

"ஐயையோ அண்ணாச்சி, கொடைக்கானல்ல ஒண்ணுமே இல்ல!" என்றான் தவசி. "ஒரு கல்லு உப்பு இல்ல. இதை நம்பியா சனங்க அவ்வளவு தூரம் போவுது?"

"ஊட்டியப் பாருலே."

ஊட்டித் தாம்பாளத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்தது. மாசானம் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினான். "கொஞ்சம் மட்டச் சரக்குதான். ஆனாலும் சரக்கு."

மத்தியானம் வந்துபோன காக்கா போட்டது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. ஊட்டி ஜெயித்துவிட்டது.

நாலு பேரும் ஊட்டிக்குக் கிளம்பும்போது ஜெபராஜ் சொன்னார்: "மலை ஏறும்போது வாந்தி வரும். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில பிடிச்சுக்கோங்க." எப்போது கீழே வைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதனால் ஊட்டிக்குப் போய், லாட்ஜில் தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டு, ஏரிக்கரைக்கு வந்தபோதும் மூன்று ஆம்பிளைகளின் கையிலும் எலுமிச்சம்பழம் இருந்தது. சண்முகக்கனி தன்னுடையதை முதல் நாளே சாறு பிழிந்து குடித்துவிட்டாள்.

ஏரியைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

படகுக்காரர் சொன்னார்: "ஏறுறவங்க ரெண்டு கையாலயும் ஓரத்தைக் கெட்டியா பிடிச்சுக்கணும்."

மூன்று பேரும் தங்கள் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நீ போயிட்டு வா தாயி," என்றார் பேச்சிமுத்து.

படகு கரையைவிட்டு நகர்ந்த பிறகுதான் அவருக்கு நெஞ்சு பதறியது. "எலேய், போயிட்டாளே! எப்படித் திரும்பி வருவா?"

"அதுக்கு ஏன் பதறுதீய?" என்றான் தவசி. "தாம்பாளம் காய மூணு நாள் ஆச்சு. இதுவும் அதே தண்ணிதான். மூணு நாள்ல வத்திரும், மைனி பொடிநடையா நடந்து வந்துருவாவ."

பேச்சிமுத்துவுக்கு உயிர் வந்தது. உடனே வேலையை ஆரம்பித்தார்கள். கரையில் நின்று போட்டோ எடுத்த சனங்களையெல்லாம் விரட்டினார்கள். "தள்ளி நில்லுங்க சார், உங்க நிழல் ஏரி மேல விழுது! காய வேண்டாமா?"

அரை மணி நேரத்தில் படகு திரும்பி வந்தது. சண்முகக்கனி சிரித்துக்கொண்டே இறங்கப் போனாள்.

பேச்சிமுத்து அதிர்ந்து போனார். "ஏளா, தண்ணி இன்னும் ஒரு விரக்கடைகூட வத்தலியே, அதுக்குள்ள எப்படி வந்தே? போ, போ! மூணு நாள் கழிச்சு வா!"

அவள் புருஷனைப் பார்த்தாள். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். ஏரியைப் பார்த்தாள். "சரிங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

இப்படி மூன்று நாள் அவள் படகில் போனாள். கரைக்கு வரும்போதெல்லாம் துரத்திவிட்டார்கள். இருபது வருஷத்தில் புருஷன் சொல்லை அவள் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டதே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் சோவென்று மழை பிடித்துக்கொண்டது. ஏரி வற்றவில்லை. ரெண்டு விரற்கடை ஏறியிருந்தது.

மாசானம் வானத்தை முறைத்தான். "அண்ணாச்சி, நாம காயவைக்கக் காயவைக்க எவனோ மேல இருந்து தண்ணி பாய்ச்சுதான். கொடைக்கானலுக்கே போயிருக்கணும்."

பேச்சிமுத்து நனைந்தபடி வெகுநேரம் யோசித்தார். பிறகு தீர்மானமாகச் சொன்னார்:

"ஜெபராஜுக்குப் போனைப் போடுலே. வரும்போது ரெண்டு கேனும் கொண்டாரச் சொல்லு. இந்த ஏரிய ஏத்திக் கொடுத்துட்டு, அந்தக் கொடைக்கானல் ஏரிய இங்க இறக்கிக்கிடுவோம்."