தோல்வியை விழுங்கிய தாழி

மலைகளெல்லாம் பேசிப் பேசி அலுத்து, வாயை மூடிக்கொண்ட புதிதில், வெண்குன்ற நாடு என்று ஒரு நாடு இருந்தது. நல்ல நாடு. மழை பெய்தது, நெல் விளைந்தது, மக்கள் வாரம் தவறாமல் சண்டை போட்டு, வாரம் தவறாமல் ராசியானார்கள். ராஜா பெயர் மகிழ்மாறன். தங்கமான மனிதர். ஆனால் ஆடுபுலி ஆட்டத்தில் தோற்றால் மட்டும் அவருக்குத் தாங்காது.

ஒருநாள் சபை நடுவே அவருடைய மைத்துனர் அவரைத் தோற்கடித்துவிட்டார். வெற்றிலை மென்றுகொண்டே ராஜாவின் புலிகளை ஆடுகளால் வளைத்துக் கட்டிவிட்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான். ராஜா எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மைத்துனர் முகம் வேண்டவே வேண்டாம் என்றார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் சடைநாகன் என்ற மந்திரவாதி. அவனுக்குப் பின்னால் ஆள் உயரக் கறுப்புத் தாழி ஒன்று தானாகவே உருண்டு வந்தது.

"ராசா, உன் நாட்டுத் தோல்வியெல்லாம் இந்தத் தாழிக்குக் கொடுத்துடு. பழசையும் கொடு, இனிமே வரப்போறதையும் கொடு. அப்புறம் இங்க யாருமே தோக்க மாட்டாங்க. தோக்காதவனுக்கு ஏது கவலை?"

"பதிலுக்கு என்ன வேணும் சாமி?"

"இருக்க ஒரு மண்டபம், திங்க தினம் ஒரு தட்டுப் பணியாரம். வேறென்ன கேட்கப்போறேன்?"

கோபத்தில் இருக்கிறவனுக்கு எதைச் சொன்னாலும் நியாயமாகத்தான் படும். ராஜா யோசிக்கவே இல்லை. "கொடுத்தேன்" என்றார்.

உடனே வீட்டுக்கு வீடு ஏதேதோ பறந்து வந்தன. உடைந்த கலப்பை, திரிந்த பால், பாதியில் நின்ற பாட்டு, யாரோ வாங்க மறுத்த பூமாலை. எல்லாம் தாழிக்குள் போய் விழுந்தன. மக்களுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. தெருவெல்லாம் கோலம் போட்டுக் கொண்டாடினார்கள்.

கொஞ்சகாலம் சுகமாகத்தான் போயிற்று. பிறகுதான் ஒன்று தெரிந்தது. தோற்க வழியிருக்கிற எந்தக் காரியத்துக்கும் யாருடைய கையும் போகவில்லை. கை எழும்பும், பாதியில் நிற்கும். புதிய விதையை ஊன்றிப் பார்க்கலாம் என்று உழவன் குனிவான். கை எழும்பும், பாதியில் நிற்கும். பெண் கேட்கப் போன வாலிபன் வாயைத் திறந்தபடி வாசலில் நின்று, திறந்தபடியே திரும்பி வந்தான். ஆடுபுலி ஆட உட்கார்ந்தால் இருவரில் ஒருவர் தோற்கத்தானே வேண்டும்? அதனால் இருவர் கையும் நின்றது. பலகையில் தூசி படிந்தது. மந்திரவாதியை வெளியே போகச் சொல்லலாம் என்று ராஜாவும் தினமும் வாயைத் திறப்பார். அதுவும் பாதியில் நிற்கும்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. அந்த நாட்டில் குழந்தைகள் நடை பழகுவதையே நிறுத்திவிட்டன.

விழாமல் நடை பழகிய குழந்தை உண்டா, சொல்லுங்கள்? விழ முடியாத குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை. வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. குழந்தை முதன்முதலில் நடந்து வாசற்படி தாண்டினால் பணியாரம் சுட்டுத் தெருவெல்லாம் கொடுப்பது அந்த நாட்டு வழக்கம். அந்தப் பணியார வாசனை வந்து வெகுநாளாகிவிட்டது.

மந்திரவாதிக்குப் பணியாரம் சுட்டவள் காயாம்பூ. அவளுக்குச் சிட்டு என்று ஒரு மகள். பல் முளைத்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது, கால் மட்டும் வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து வாசலில் ஓடும் கோழியையே பார்த்துக்கொண்டிருப்பாள். "அம்மா, கோழி போகுது. நான் எப்பம்மா போவேன்?" என்று கேட்பாள். காயாம்பூ அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். அந்தக் கூடத்து ஆணியில் ஒரு சின்ன அரைஞாண் தொங்கியது. அது யாருடையது என்று அவளுக்கும் தெரியவில்லை, அவள் கணவனுக்கும் தெரியவில்லை.

ஒரு மத்தியானம், சிட்டுவை இடுப்பிலும் தட்டைக் கையிலும் ஏந்தி அவள் மண்டபத்துக்குப் போனாள். சடைநாகன் ஒரு பணியாரத்தைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"தினமும் இதே வெல்லப் பணியாரமா? நாக்கு செத்துப்போச்சு. புதுசா ஏதாவது பண்ணு பெண்ணே!"

"எப்படி சாமி பண்றது? புதுசுன்னா கெட்டாலும் கெட்டுப்போகும். கை எழும்புது, பாதியில நின்னுடுது."

மந்திரவாதி தாடியைச் சொறிந்தான். அவனுக்கு மூளை இருந்தது. ஆனால் அன்று அதைவிட நாக்கு நீளமாக இருந்தது.

"சரி, தாழிக்குள்ள கைவிட்டு உன் சமையல் தோல்வி ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கோ. உன்னோடது மட்டும்தான் உன் கைக்கு வரும். எது வரும்னு சொல்ல முடியாது. சமையல் வர்றவரைக்கும் எடு."

காயாம்பூ மகளைத் தரையில் இறக்கிவிட்டுத் தாழிக்குள் கைவிட்டாள். முதலில் வந்தது சில்லென்ற ஒரு கதவு வளையம். தொட்டதும் நினைவு வந்துவிட்டது. அக்கா தும்பையோடு சண்டை போட்டு, மன்னிப்புக் கேட்கப் போய், அந்தக் கதவு வளையத்தைப் பிடித்தபடி நின்று, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்பி வந்த நாள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இது இல்ல. இன்னொண்ணு எடு" என்றான் சடைநாகன்.

இரண்டாவதாக வந்தது ஓர் ஈரத்துணி. அது இன்னும் சூடாக இருந்தது. காயாம்பூ அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மருதன். அவளுடைய முதல் பிள்ளை. காய்ச்சல் கண்ட நாளெல்லாம் அந்தத் துணியை நனைத்து நனைத்து அவன் நெற்றியில் போட்டாள். வைத்தியரைக் கூப்பிட்டாள், வேண்டாத தெய்வமில்லை. ஆனாலும் பிள்ளை போய்விட்டான். ஆணியில் தொங்கும் அரைஞாண் அவனுடையது. அவள் வாய்விட்டு அழுதாள்.

"இதுல நீ பண்ணின தப்பு என்ன?" என்று கேட்டான் மந்திரவாதி.

"ஒண்ணுமில்ல சாமி. காய்ச்சல் ஜெயிச்சுது, நான் தோத்தேன்."

"தப்பும் இல்ல, கத்துக்க ஒண்ணும் இல்ல. பின்னே எதுக்கு இந்தப் பாரம்? உள்ளயே போட்டுடு."

"இதைப் போட்டா என் புள்ள முகமும் சேர்ந்து போயிடும். நானே வச்சிருக்கேன் சாமி" என்று துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூன்றாவதாக வந்தது கரிக்கட்டை போல ஒரு பணியாரம். கல்யாணமான புதிதில் புகுந்த வீட்டில் முதன்முதலாகச் சுட்டது. குழியோடு ஒட்டிக்கொண்டு, சுரண்டிச் சுரண்டி எடுத்தது. அவ்வளவு அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வந்துடுச்சு! போ, போய் அடுப்பைப் பற்றவை" என்று சடைநாகன் கையைத் தட்டினான்.

காயாம்பூ போகவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோல்வி இப்போது அவளிடம் இருக்கிறது. அப்படியானால் இந்தக் கை இனி பாதியில் நிற்காது. அவள் தாழிப் பக்கம் திரும்பினாள்.

கையால் தள்ளினாள். தாழி அசையவில்லை. அவள் வழுக்கி விழுந்தாள், முழங்கால் சிராய்த்தது. சடைநாகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

எழுந்தாள். விளிம்பைப் பிடித்து இழுத்தாள். தாழி அசையவில்லை. மல்லாக்க விழுந்தாள். இந்தமுறை சடைநாகன் சிரிக்கவில்லை. "தோத்துட்டியே பெண்ணே! அதான் தோத்துட்டியே! இன்னும் எதுக்கு எழுந்திருக்கே?" என்றான். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

கீழே கிடந்தபோதுதான் அவள் கவனித்தாள். அவள் எடுத்தவற்றின் கனம் குறைந்ததாலோ என்னவோ, தாழியின் அடி ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போய்த் தோளைக் கொடுத்தாள். இப்போது மருதனின் பாரமும் அவளோடு இருந்தது. அந்தப் பாரம் முழுவதையும் தோளில் கொண்டுவந்து சாய்ந்தாள்.

தடுக்க மந்திரவாதி கையை ஓங்கினான். கை எழும்பியது, பாதியில் நின்றது.

ஏன் தெரியுமா? அந்தத் தாழியில் முதல் முதலாக விழுந்த தோல்வி அவனுடையதுதான். இளவயதில் ஒரு மந்திரம் பலிக்காமல் போய், கூடப் படித்தவர்கள் சிரித்த அவமானம் தாங்காமல் இந்தத் தாழியைச் செய்தான். அதற்குப் பிறகு புதிதாக ஒரு மந்திரம்கூட அவன் கற்கவில்லை, பாவம்.

தாழி ஆடியது, சாய்ந்தது, உடைந்தது.

கலப்பையும் பாலும் பூமாலையும் ஜன்னல் வழியாகப் பறந்து அவரவர் வீட்டுக்குப் போயின. தெருவில் சிலர் அழுதார்கள், சிலர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். சடைநாகன் காலடியில் ஒரு பச்சைத் தவளை வந்து குதித்தது. கிளியாக்கப் பார்த்து ஆகாமல் போன தவளை. அதை அவன் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தான். "இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாமோ?" என்று முணுமுணுத்தபடி யாரிடமும் சொல்லாமல் மலைப்பக்கம் போய்விட்டான். தவளைக்கு மூக்கு மட்டும் கிளிமூக்காகிவிட்டது என்று பிற்பாடு கேள்வி.

காயாம்பூ திரும்பிப் பார்த்தாள். சிட்டு உடைந்த தாழியின் ஓடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஓர் அடி வைத்தாள். தொப்பென்று உட்கார்ந்தாள். வீல் என்று கத்தினாள்.

"விழுந்துட்டா! என் பொண்ணு விழுந்துட்டா!" என்று தாய் மண்டபம் அதிரக் கூவினாள். கேட்ட பெண்களெல்லாம் தங்கள் பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்கு ஓடினார்கள். தெருவெங்கும் தொப்பு தொப்பென்று சத்தம்.

அன்று ராஜா தம் மைத்துனரைத் தாமே கூப்பிட்டு ஆடினார், மறுபடி தோற்றார். முகம் கடுகடுவென்று ஆனது. ஆனாலும் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். தாழியை உடைத்தவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டனுப்பினார். "இனி எங்களைக் கேட்காம எங்களோடதை யாருக்கும் கொடுக்காதீங்க" என்று பதில் வந்தது. ராஜா அதற்கும் தலையைக் குனிந்து சரி என்றார்.

சாயங்காலம் காயாம்பூ அக்கா வீட்டுக்குப் போய் அந்தக் கதவு வளையத்தைத் தட்டினாள். தும்பை கதவைத் திறந்தாள். "அக்கா, பணியாரம் சுடப்போறேன், வா" என்பதற்குமேல் அவளுக்குப் பேச வரவில்லை. அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள். இருவரும் பேசின பேச்சில் முதல் ஈடு அடிப்பிடித்துப் போயிற்று. தெருவே வந்து அதைச் சுரண்டித் தின்றது. ஒன்றை மட்டும் காயாம்பூ எடுத்து, அரைஞாண் தொங்கிய ஆணிக்குக் கீழே வைத்தாள்.

அன்றிலிருந்து வெண்குன்ற நாட்டில், குழந்தை படி தாண்டும் நாள்வரை யாரும் காத்திருப்பதில்லை. முதன்முதலில் விழுந்த அன்றே பணியாரம். கதை கேட்ட உங்களுக்கு ஆளுக்கு ஒன்று. சொன்ன எனக்கு அந்தக் கருகின ஓரம் போதும்.